குடைக்கல்லும் கோலி சோடாவும்

இங்கிலாந்தின் யார்க்ஷயர் பக்கம் வேலைக்குப் போயிருக்கும் வாசகர் ஒருவர், ஞாயிற்றுக்கிழமை மலை நடையில் எடுத்த படம் ஒன்றை அனுப்பியிருந்தார். புல்லும் வெள்ளைப் பாறையுமாகக் கிடக்கும் தரை. அதன் மேல் கருத்த பாறாங்கல் ஒன்று. கல் நேராகத் தரையில் உட்காரவில்லை. முழங்கால் உயரத்துக்கும் குறைவான வெள்ளைப் பீடங்கள் அதைத் தாங்கி நிற்கின்றன, ஆட்டுக்கல்லுக்குக் கீழே செங்கல் முட்டுக் கொடுத்த மாதிரி. "யார் சார் தூக்கி வைத்தது? பையன் ஏலியன் என்கிறான். புவியீர்ப்பை மீறிய கல் என்று குடும்ப குரூப்பில் வேறு சுற்ற ஆரம்பித்துவிட்டது" என்று கேட்டிருந்தார்.

எனக்கு அந்த இடம் தெரியும். பெயர் நார்பர். ஆஸ்ட்விக் என்ற சின்ன ஊருக்கு மேலே இருக்கிறது. நான் பக்கத்து ஊரான கிளாப்பமிலிருந்து நடந்து போனேன். ஊரை விட்டதும் பழைய எஸ்டேட்காரர்கள் கட்டிய கல் சுரங்கப் பாதை, அதைத் தாண்டினால் இரண்டு பக்கமும் சுவர் வைத்த மண் சாலை. சிமெண்ட், சாந்து எதுவும் இல்லாமல் கல்லைக் கல்லோடு கோத்தே அடுக்கிய சுவர்கள். இவற்றைப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். பக்கத்தில் கிடைத்த கல்லைத்தான் சுவரில் வைப்பார்கள். அதனால் வெள்ளைச் சுவரில் கருத்த கற்கள் கலக்க ஆரம்பித்தால், பூமிக்கடியிலும் என்னவோ மாறுகிறது என்று அர்த்தம். புவியியல் வரைபடத்தை வேலியாகக் கட்டி வைத்த மாதிரி.

சரி, கல்லுக்கு வருவோம்.

தரை சுண்ணாம்புக்கல். இங்கிலாந்து நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் வெதுவெதுப்பான கடலுக்கடியில் கிடந்த காலத்தில், சுமார் 34 கோடி ஆண்டுகளுக்கு முன்னால், சிப்பியும் கடல் அல்லி என்ற உயிரியின் எச்சமும் படிந்து உண்டானது. மேலே உட்கார்ந்திருப்பது கிரேவேக் என்ற கெட்டியான மணற்பாறை. அதற்கு வயது 40 கோடிக்கும் மேல். அதாவது பேரன் தோளில் தாத்தா உட்கார்ந்திருக்கிறார். படிவுப் பாறைகளில் பழையது அடியிலும் புதியது மேலேயும் இருக்கும் என்று பள்ளியில் படித்திருப்போம். அந்தப் பாடப்படி தாத்தா அடியில்தான் இருக்க வேண்டும். இருக்கவும் செய்கிறார்: பக்கத்தில் உள்ள கிரம்மக் பள்ளத்தாக்கின் அடியில் இதே கிரேவேக் இடத்திலேயே கிடக்கிறது. பனியுகத்தில் அந்தப் பள்ளத்தாக்கு வழியே இறங்கிய பனியாறு அதைப் பெயர்த்து, சுண்ணாம்புக்கல் மேட்டின் மேல் ஏற்றிக் கொண்டுவந்து போட்டுவிட்டு உருகிப் போனது. தூக்கி வைத்தது யார் என்ற கேள்விக்கு அவ்வளவுதான் பதில். பனியாறு கல் சுமப்பது உலகம் முழுக்க நடந்த கதை.

எனக்குப் பிடித்தது கல் இல்லை, அதன் கால். பனியாறு கல்லைத் தரையில்தான் போட்டது, பீடம் செய்து வைக்கவில்லை. அப்படியானால் பீடம் எங்கிருந்து வந்தது?

வீட்டிலேயே பார்த்துவிடலாம். வெற்றிலைச் சுண்ணாம்பு ஒரு துளி எடுத்துத் தண்ணீரில் கலக்கி, மூடி, ராத்திரி முழுக்கத் தெளிய விடுங்கள். (கையிலும் கண்ணிலும் படாமல். குழந்தைகள் செய்வதானால் பெரியவர்கள் கூட இருங்கள்.) மேலே தெளிந்த நீரை மட்டும் கண்ணாடி டம்ளரில் கால் பங்கு இறுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு ஸ்பூன் கோலி சோடா விடுங்கள். பால் மாதிரி வெளுக்கும். சோடாவில் உள்ள கரியமில வாயு சுண்ணாம்போடு சேர்ந்து கால்சியம் கார்பனேட் ஆகிவிட்டது. ஊதினால் பால் நிறமாகும் என்று எட்டாம் வகுப்பில் எழுதிய அதே விடை. டம்ளரில் மிதக்கும் அந்த வெண்மை வேதியியல்படி மலையில் இருக்கும் சுண்ணாம்புக்கல்தான்.

பள்ளிக்கூடம் அங்கே நிறுத்திவிடுகிறது. நீங்கள் நிறுத்தாதீர்கள். மீதி சோடாவையும் ஊற்றுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக வெண்மை கலைந்து, டம்ளர் மறுபடி தெளிந்துவிடும்! எந்த வாயு சுண்ணாம்புக்கல்லை உண்டாக்கியதோ, அதுவே கூடுதலாகச் சேர்ந்தால் அதைக் கரைத்துவிடுகிறது. கார்பனேட் பைகார்பனேட்டாகி, கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீருக்குள் போய்விடுகிறது. இப்போது இந்தத் தெளிந்த நீரைக் காய்ச்சுங்கள். வாயு வெளியேறும், வெண்மை திரும்பி வரும். போர்வெல் தண்ணீர் காய்ச்சும் கெட்டிலில் அடியில் பிடிக்கும் வெள்ளைப் பொருக்கு இதுதான். குகைக்குள் கூரையிலிருந்து தொங்கும் கல் விழுதும் இதுதான், அங்கே அடுப்பு வேண்டாம், குகைக் காற்றில் வாயு தானாகப் பிரிந்து போவதே போதும். ஒரே சமன்பாடு, ஒரு பக்கம் போனால் குகை, மறுபக்கம் போனால் விழுது. எத்தனை தடவை செய்தாலும் எனக்கு இது அலுக்கவில்லை.

மழையும் ரொம்ப நீர்த்த சோடாதான். காற்றில் உள்ள கொஞ்சூண்டு கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு விழுகிறது. ஒரு லிட்டர் மழைநீர் திகட்டும் வரை தின்றாலும் நூறு மில்லிகிராம் சுண்ணாம்புக்கல்லைக்கூடக் கரைக்காது. குளிர்ந்த தண்ணீரில் வாயு அதிகம் தங்கும் (ஃபிரிட்ஜில் வைத்த சோடாதான் நாக்கில் அதிகம் சுருக்கென்று இருக்கும்), அதனால் யார்க்ஷயரின் குளிர் மழைக்குக் கொஞ்சம் கூடுதல் பசி. ஆனாலும் நனைந்த பாறையில் தண்ணீர் நின்று நிதானமாகக் கரைப்பதில்லை, பாதிப் பசியோடு வழிந்து ஓடிவிடுகிறது.

இப்போது நார்பரைப் பாருங்கள். பனி விலகிய நாளிலிருந்து வெட்டவெளியில் கிடக்கும் சுண்ணாம்புக்கல் தரை முழுக்க மழை விழுகிறது, தரை மெல்ல இறங்குகிறது. கிரேவேக் கல்லை மழை பெரிதாக ஒன்றும் செய்வதில்லை, அதில் கரைய அவ்வளவாகச் சுண்ணாம்பு கிடையாது. அதன் அடியில் இருக்கும் தரையும் நனைவதில்லை, தலைக்கு மேல் குடை இருக்கிறதே. சுற்றிலும் தரை இறங்க இறங்க, குடைக்கு அடியில் இருந்த துண்டு மட்டும் பழைய உயரத்திலேயே நின்றுவிட்டது. பீடம் வளரவில்லை, ஊர்தான் தாழ்ந்துபோனது. பீடத்தின் தலை மட்டம், பனியாறு போன அன்று இருந்த தரை மட்டம்.

பீடங்கள் பலவும் 30 சென்டிமீட்டர் வாக்கில் இருக்கின்றன. எத்தனை வருடத்தில் 30 சென்டிமீட்டர்? பனி விலகி 12,000 ஆண்டு ஆயிற்று என்று வைத்துத்தான் ரொம்ப காலம் கணக்குப் போட்டார்கள். 2010-இல் வெளியான ஓர் ஆய்வு கல்லையே கேட்டுவிட்டது. விண்வெளியிலிருந்து காஸ்மிக் கதிர்கள் எப்போதும் பூமி மேல் விழுந்துகொண்டிருக்கின்றன. வெளியில் கிடக்கும் பாறையின் மேற்பரப்பில் அவை மோதும்போது குளோரின்-36 என்ற அணு துளித்துளியாக உண்டாகிறது. பூமிக்கடியில் ஆழத்திலோ பனிக்கட்டிக்குள்ளோ இருக்கும்போது கதிர் எட்டாது. பனியாறு இறக்கி வைத்த நாளில் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். கல்லின் தலையில் ஒரு சில்லு எடுத்து, சேர்ந்திருக்கும் குளோரின்-36 அணுக்களை எண்ணினால் எத்தனை நாளாக வெயில் காய்கிறது என்று தெரிந்துவிடும். வந்த விடை சுமார் 18,000 ஆண்டு.

வகுத்துப் பாருங்கள். ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் அறுபதில் ஒரு பங்கு. ஒரு தலைமுடியின் தடிமன் கரைய நான்கு வருடம். எல்லாப் பீடமும் மழையை மட்டுமே வைத்து உண்டானதா, சிலவற்றை மண்ணின் ஈரமும் பனியாறும் முன்பே செதுக்கி வைத்தனவா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். எனவே இந்த எண்ணைத் தோராயம் என்றே வைத்துக்கொள்வோம்.

இந்த இடத்தில் ஒரு புலம்பல். ஆராய்ச்சி நிதி பெரும்பாலும் மூன்று வருடத் தவணையில் வருகிறது. மூன்று வருடத்தில் இந்தப் பாறை இறங்குவது 0.05 மில்லிமீட்டர். "முடிவு என்ன?" என்று கேட்டால் "நனைந்தது" என்றுதான் அறிக்கை எழுத முடியும். மெதுவாக நடப்பதை அளக்க மெதுவான பணம் வேண்டும். ஒரே இடத்தில் முப்பது, நாற்பது வருடம் மழையும் கரைசலும் அளந்துகொண்டிருப்பவருக்குப் பரிசும் கிடையாது, செய்தியும் கிடையாது. ஏலியன் வீடியோ போடுபவருக்கு இரண்டும் கிடைக்கிறது.

நடையைத் தொடர்வோம். நார்பருக்கு மேலே தரை பாளம் பாளமாகப் பிளந்து கிடக்கும். பாளத்துக்குக் கிளின்ட், இடுக்குக்கு கிரைக் என்று உள்ளூர்ப் பெயர். மண்ணுக்குள் வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் மூச்சால் கரியமில வாயு வெளிக்காற்றைவிடப் பல மடங்கு அதிகம், ஆகவே மண் வழியே இறங்கும் நீருக்கு அகோரப் பசி. பாறையில் இருந்த கீறல்களை இடுக்குகளாக அகட்டியதில் பெரும் பங்கு அதற்குத்தான். நான் ஒரு காலை அந்த இடுக்கில் விட்டு முழங்கால் வரை இறங்கினேன். குனிந்து பார்த்தால் உள்ளே ஒரு காடு: நாக்கு மாதிரி நீண்ட பெரணி, நிழலில் மட்டும் வளரும் செடிகள். வெளியே ஆடு மேய்ந்து மொட்டையான வெட்டவெளி, ஒரு முழம் கீழே காற்றும் ஆடும் எட்டாத ஈரத் தோட்டம். இந்தப் பாளங்களை வீட்டுத் தோட்ட அலங்காரத்துக்கு என்று லாரி லாரியாகப் பெயர்த்து விற்றிருக்கிறார்கள். 1981-இல் வந்த வனவிலங்கு, நாட்டுப்புறச் சட்டத்தில் இதைக் காப்பதற்கென்றே தனிப் பிரிவு வைக்க வேண்டியிருந்தது. நினைவுக்காக ஒரு துண்டு எடுக்கலாமா என்று வாசகர் கேட்டிருந்தார். வேண்டாம்.

அப்புறம் இங்கிள்பரோ மலைச் சரிவில் கேப்பிங் கில். சதுப்பு நிலத்திலிருந்து வரும் ஓடை சுண்ணாம்புக்கல்லைத் தொட்டதும் ஒரு குழிக்குள் 98 மீட்டர் நேராக விழுகிறது. 1895-இல் மார்ட்டெல் என்ற பிரெஞ்சுக்காரர் கயிற்று ஏணியில் முதன்முதலாக அடிவரை இறங்கினார். அங்கிருந்து மலையிடுக்கு வழியாக இறங்கினால் இங்கிள்பரோ குகை, பிறகு மரங்கள் அடர்ந்த காட்டுப் பாதை, ஏரி, கிளாப்பம். அந்தக் காட்டில் ரோடோடெண்ட்ரான் புதர்கள் உண்டு, நீலகிரியில் காட்டுப்பூவரசு என்கிறோமே அதன் சொந்தக்காரர்கள். இவற்றுக்குச் சுண்ணாம்பு ஆகாது. இங்கே பூக்கின்றன என்றால் அந்த இடத்தில் அடியில் இருப்பது நம் தாத்தாப் பாறை.

பையனுக்கு ஒரு கேள்வி பாக்கி: கல் விழுமா? விழும். சாரல் பக்கவாட்டில் அடிப்பதால் பீடம் ஓரத்திலிருந்து மெலிந்துகொண்டே வருகிறது. குடை சரிந்த பிறகு வெள்ளைப் பீடமும் மற்ற தரையைப் போல நனைய ஆரம்பிக்கும். நான் போன அன்று நல்ல மழை. பெரிய கல்லின் கீழே உலர்ந்த பக்கமாகப் பார்த்து மூன்று ஆடுகள் ஒண்டிக்கொண்டிருந்தன. எனக்கு இடம் இல்லை.