கும்பகருணன் மனதுக்குள் என்ன நடக்கிறது?

படம் முடிந்து வெளியே வரும்போது, 'அந்த கேரக்டர் ரொம்ப ஆழமா இருந்துச்சுல்ல' என்று பேசிக்கொள்கிறோம். அந்த ஆழம் எங்கிருந்து வருகிறது? நல்லவனிடம் கொஞ்சம் கெட்டதையும் கெட்டவனிடம் கொஞ்சம் நல்லதையும் கலந்துவிட்டால் போதும் என்பதுதான் பலருடைய எண்ணம். வெட்டுக்குத்துக்கு அஞ்சாத ரவுடிக்கு வீட்டில் நோயாளி அம்மா இருப்பாள், அவன் அவளுக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பான். ஆனால் இரண்டு காட்சி தாண்டினால் அந்த அம்மா நம் மனதில் நிற்பதில்லை. கலவை ஏன் இப்படித் தோற்றுப்போகிறது என்பதற்கு உளவியலில் எனக்கு மிகவும் பிடித்த விடை ஒன்று இருக்கிறது.

1968-இல் வால்டர் மிஷெல் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் துறையையே உலுக்கிய ஒரு கேள்வியைக் கேட்டார். 'இவன் நேர்மையானவன்', 'இவள் கோபக்காரி' என்றெல்லாம் முத்திரை குத்துகிறோமே, ஒருவர் எல்லா இடத்திலும் அப்படியேதான் நடந்துகொள்கிறாரா? அதுவரை நடந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தால், இல்லை. பரீட்சையில் காப்பியடிக்காத பிள்ளை விளையாட்டில் ஏமாற்றுகிறது. சரி, அப்படியானால் குணம் என்று ஒன்றே கிடையாதா?

அதற்கான பதில் பல ஆண்டுகள் கழித்து ஒரு கோடை முகாமிலிருந்து கிடைத்தது. மிஷெலும் யூயிச்சி ஷோடாவும் ஜாக் ரைட்டும் 1994-இல் வெளியிட்ட ஆய்வு அது. முகாமிலிருந்த ஒவ்வொரு பிள்ளையையும் சராசரியாக 150 மணி நேரத்துக்கும் மேல் கவனித்துக் குறித்துவைத்தார்கள். கோபத்தில் ஒரே அளவு மதிப்பெண் வாங்கும் இரண்டு பையன்களை எடுத்துக்கொள்வோம். ஒருவன் பெரியவர்கள் அதட்டினால் வெடிப்பான், கூட்டாளிகள் சீண்டினால் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவான். இன்னொருவன் நேர் எதிர். மொத்தக் கணக்கில் இருவருக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் 'இப்படி நடந்தால் இவன் இப்படிச் செய்வான்' என்ற அவரவர் தடம் திரும்பத் திரும்ப அப்படியே வந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் முரண்பாடு. உள்ளே ஓர் ஒழுங்கு. ஒரு மனிதனை அவனாகவே அடையாளம் காட்டுவது அந்தத் தடம்தான்.

கதைக்கும் இதுவேதான் என்று நினைக்கிறேன். கம்பனின் கும்பகருணனைப் பாருங்கள். தூக்கத்திலிருந்து எழுப்பி அழைத்து வருகிறார்கள். போர் வந்துவிட்டதா, சானகியின் துயர் இன்னும் தீரவில்லையா என்று கேட்கிறான். அவளை விட்டுவிடு என்று அண்ணனின் முகத்துக்கு நேரே சொல்கிறான். இராவணன் சீறுகிறான். உடனே, பொறுத்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போருக்குக் கிளம்பிவிடுகிறான். கிளம்பும்போதும், என்னை அவர்கள் வென்றுவிட்டால் உன்னையும் வெல்வார்கள், அதன் பிறகாவது அவளைக் கொடுத்துவிடு என்கிறான். களத்தில் தம்பி வீடணன் வந்து இராமன் பக்கம் கூப்பிடுகிறான். நீர்மேல் போட்ட கோலம் மாதிரியான இந்த வாழ்வுக்கு ஆசைப்பட்டு, இத்தனை நாள் வளர்த்துப் போர்க்கோலமும் பூட்டி அனுப்பியவனுக்கு உயிரைக் கொடுக்காமல் அங்கே வரமாட்டேன் என்கிறான். அதே மூச்சில் தம்பியை இராமனிடமே திரும்பிப் போகச் சொல்கிறான்.

அண்ணன் செய்தது தவறு, அண்ணனை விட்டு வரமாட்டேன், நீ மட்டும் போய்விடு. பட்டியல் போட்டால் ஒன்றோடொன்று ஒட்டாத மூன்று பேர் மாதிரி இருக்கிறது. ஆனால் படிக்கும்போது ஒரே ஆளாகத்தான் தெரிகிறான். நியாயம் என்று வந்தால் வாயைத் திறந்து சொல்வான். சோறு போட்டவன் என்று வந்தால் கணக்குப் பார்க்கமாட்டான். இரண்டு காட்சிக்குள் நமக்கு அவன் தடம் பிடிபட்டுவிடுகிறது. ரவுடியின் அம்மாவுக்கும் அவன் அரிவாளுக்கும் இடையில் இப்படி ஒரு தடம் இல்லை.

இன்னொரு பாதி வேலையை நாம் செய்கிறோம். 1944-இல் ஃபிரிட்ஸ் ஹைடரும் மேரியன் சிம்மலும் ஒரு சின்னப் படம் காட்டினார்கள். அதில் ஒரு பெரிய முக்கோணம், ஒரு சிறிய முக்கோணம், ஒரு வட்டம், கதவுள்ள ஒரு செவ்வகம், அவ்வளவுதான். என்ன பார்த்தீர்கள் என்று 34 பேரைக் கேட்டபோது, ஒரே ஒருவர்தான் வடிவங்கள் நகர்ந்தன என்று சொன்னார். மற்றவர்களுக்கு அவை உயிருள்ளவையாகத் தெரிந்தன. துரத்தல், பயம், சண்டை என்று ஒரு கதையே ஓடியது. காரணம் சொல்லப்படாத அசைவுக்குப் பின்னால் ஒரு மனதை வைக்காமல் நம் மூளையால் இருக்க முடியாது. அதனால்தான், எல்லாவற்றையும் வசனத்திலேயே விளக்கிவிடும் பாத்திரம் தட்டையாகிறது. நம் மூளைக்கு அங்கே வேலையே இல்லை.

வீடியோ கேம் இதை இன்னொரு படி மேலே கொண்டுபோகிறது. 2005-இல் வந்த 'ஷேடோ ஆஃப் தி கொலாசஸ்' விளையாட்டில் ஓர் இளைஞன், இறந்துபோன ஒரு பெண்ணை மீட்க 16 ராட்சத உயிர்களைக் கொல்லவேண்டும். அவன் அதிகம் பேசுவதே இல்லை. அவற்றில் சில தம் பாட்டுக்குத் திரிபவை. ஒவ்வொன்றும் சாயச் சாய அவன் தோற்றம் கறுத்து வாடிக்கொண்டே போகிறது. ஏன் இதைச் செய்கிறான் என்ற கேள்வி, பொத்தானை அழுத்திய நம் கட்டைவிரலுக்கு வந்துவிடுகிறது.

கும்பகருணனிடம் திரும்பி வருகிறேன், அவனுடைய கடைசிக் காட்சி என்னை விடுவதில்லை. சண்டையில் சுக்கிரீவன் அவன் மூக்கையும் காதுகளையும் பறித்துவிட்டான். கையும் காலும் போய்க் கிடக்கும்போது, தன்னைக் கொல்ல நிற்கும் இராமனிடம் இரண்டு வேண்டுதல் வைக்கிறான். முதலாவது, அடைக்கலமாக வந்த வீடணனை இராவணனிடமிருந்து காப்பாற்று. அடுத்தது, மூக்கில்லாத இந்த முகத்தை யாரும் பார்க்காதபடி, என் தலையை அறுத்துக் கடலுக்குள் போட்டுவிடு. சாவுக்குத் துளியும் தயங்காதவன், முகத்தை மறைக்கச் சொல்லி எதிரியிடம் கேட்கிறான். ஏன் என்று கம்பன் நின்று விளக்குவதில்லை. இராமன் அப்படியே செய்கிறான். தலை கடலில் போய் அமிழ்கிறது.