அண்டார்டிகா போக யாரைக் கேட்கணும்?

கத்திரி வெயிலில் காட்பாடியிலிருந்து வந்து இறங்கிய அக்கா மகள் (எம்.எஸ்சி. ஜியாலஜி) தண்ணீர் கூடக் குடிக்காமல் கேட்டாள்: "மாமா, அண்டார்டிகா யாருக்கும் சொந்தமில்லையாமே, அப்புறம் பர்மிட் எதுக்கு?"

சொந்தமில்லை என்பது பாதி உண்மைதான். ஏழு நாடுகள் பங்கு கேட்கின்றன, அதில் அர்ஜென்டினா, சிலி, பிரிட்டன் மூன்றும் கேட்கிற இடம் ஒன்றின் மேல் ஒன்று விழுகிறது. நம்ம ஊரில் பங்காளி நிலத்துக்கு ஸ்டே வாங்கினால் யார் பக்கமும் தீர்ப்பு ஆகாது, புதிதாக யாரும் வேலி போடவும் முடியாது இல்லையா, 1959-இல் கையெழுத்தான அண்டார்டிக் ஒப்பந்தத்தின் 4-ஆம் பிரிவு கிட்டத்தட்ட அதேதான். ஆனால் ஸ்டே போட்ட நிலம் தரிசாகக் கிடக்கும். இங்கே ஆராய்ச்சி தாராளமாக நடக்கலாம் என்கிறது 2-ஆம் பிரிவு. முடிவுகளைப் பூட்டி வைக்காமல் முடிந்தவரை பகிர வேண்டும், அது 3-ஆம் பிரிவு. இந்தியா 1983-இல் சேர்ந்தது, இப்போது மைத்ரி, பாரதி என்று இரண்டு நிலையங்கள்.

சரி, பர்மிட்? அது 2022-இல் நம் நாடாளுமன்றம் போட்ட இந்திய அண்டார்டிக் சட்டம். இந்தியக் குழு போவதென்றால் மத்திய அரசு அமைக்கும் கமிட்டியிடம் பர்மிட் வாங்க வேண்டும். வேறொரு உறுப்பு நாட்டின் அனுமதியோடு போகிறவருக்கு இது தேவையில்லை. நுண்ணுயிர் நீக்காத மண்ணை அங்கே கொண்டுபோகவே கூடாது, அதாவது பாலாற்று மணல் ஒட்டிய ஷூ கூட வம்புதான். ஜியாலஜிக்காரர்கள் கவனிக்க: கல்லைத் தட்டிப் பார்க்கலாம், குவாரி போட முடியாது, அண்டார்டிகாவின் சூழலைக் காக்கப் போட்ட 1991 மாட்ரிட் உடன்படிக்கை ஆராய்ச்சி தவிர்த்த கனிம வேலை எல்லாவற்றையும் தடுக்கிறது. பர்மிட் இல்லாமல் கனிமத்துக்குத் துளை போட்டால் 7 ஆண்டு வரை சிறை, 10 முதல் 50 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

வடதுருவம் வேறு கதை. அங்கே நிலமெல்லாம் பட்டா நிலம், நடுவில் கடல். கரையிலிருந்து 200 கடல்மைலுக்குள் ஆராய்ச்சி செய்ய அந்தக் கரை நாட்டிடம் ஆறு மாதம் முன்பே விவரம் கொடுத்துச் சம்மதம் வாங்க வேண்டும், 1982 கடல் சட்ட உடன்படிக்கை அப்படி. சாதாரணமாக மறுக்கக் கூடாது என்றும் அதிலேயே இருக்கிறது, ஆனாலும் கேட்டுத்தான் ஆக வேண்டும். நம் ஹிமாத்ரி நிலையம் 2008 முதல் நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில் இருக்கிறது. அதற்கு அடிப்படை ஸ்வால்பார்டு பற்றிய 1920 ஒப்பந்தம் என்று பலர் எழுதுகிறார்கள், ஆனால் அதில் ஆராய்ச்சி விதிகளைப் பிறகு பேசி முடிப்போம் என்றுதான் இருக்கிறது.

"யார்கிட்ட எழுதணும் மாமா?" அண்டார்டிகா பயணங்களை நடத்துவது கோவாவில் உள்ள தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையம். தனியாக எழுதாமல் உன் துறைப் பேராசிரியரைப் பிடி என்றேன். ஷூவைக் கழுவப் போய்விட்டாள்.