ராடான் பற்றிக் கேட்டால் ஏஜென்ட் என்ன சொல்ல வேண்டும்?

"அண்ணா, பக்கத்திலேயே மைன் டம்ப் இருக்கிறதே, வீட்டுக்குள் ராடான் வருமா?" ஜோகன்னஸ்பர்க்கின் தெற்கிலும் மேற்கிலும், லெனேசியா பக்கத்திலும் வீடு விற்றுக் கொடுக்கும் நம்மைப் போன்ற ஏஜென்ட்களுக்கு இந்தக் கேள்வி வரும். மைன் டம்ப் என்பது சுரங்கத்திலிருந்து கொட்டிய கழிவு மண்மேடு. கேட்பவர் பெரும்பாலும் கைக்குழந்தை உள்ளவராக இருப்பார். "அதெல்லாம் ஒன்றுமில்லை, நாங்கள் மூன்று தலைமுறையாக இங்கேதான் இருக்கிறோம்" என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். ராடான் வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. அளக்காத வீட்டைப் பற்றி நல்லதும் சொல்ல முடியாது, கெட்டதும் சொல்ல முடியாது.

மண்ணிலும் பாறையிலும் உள்ள யுரேனியம் படிப்படியாகச் சிதையும்போது வெளிவரும் கதிரியக்க வாயு இது. திறந்தவெளியில் காற்றோடு கலந்து நீர்த்துவிடும். தரை விரிசல், குழாய் நுழையும் ஓட்டை வழியாக வீட்டுக்குள் வந்து அடைபட்டால்தான் சேரும். நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைப்பழக்கத்துக்கு அடுத்த முக்கியக் காரணம் ராடான். வீட்டில் ஒருவர் புகைபிடித்தால் அவருக்கு ஆபத்து பல மடங்கு. காற்றில் கன மீட்டருக்கு 100 பெக்கரலுக்குள் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) வைக்கப் பாருங்கள், முடியாத இடத்தில் 300-ஐத் தாண்ட விடாதீர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஜோகன்னஸ்பர்க் பகுதியின் தங்கப் படுகையான விட்வாட்டர்ஸ்ராண்டின் பாறையில் தங்கத்தோடு யுரேனியமும் இருந்தது. தங்கத்தை எடுத்த பிறகு கொட்டிய மண்ணில் அதன் மிச்சம் கிடக்கிறது. அதனால் பயம் நியாயமானதுதான். ஆனால் டம்ப் கண்ணுக்குத் தெரிகிறதா என்பதைவிட, வீட்டின் அடியில் என்ன மண் இருக்கிறது என்பதே பெரிய விஷயம். க்ரூகர்ஸ்டோர்ப் அருகே டியூடர் ஷாஃப்ட் குடியிருப்பு சுரங்கக் கழிவின் மேலேயே எழுந்தது. கேப் பக்கம் பார்ல் ஊரில் தங்கச் சுரங்கம் கிடையாது, ஆனால் அங்குள்ள கிரானைட் பாறையாலேயே ராடான் வரலாம். ஒரே தெருவில் அடுத்தடுத்த இரண்டு வீடுகளில்கூட அளவு வேறுபடும். பக்கத்து வீட்டு ரிசல்ட்டைக் காட்டி விற்கக் கூடாது.

சரி, சட்டம்? வீடு விற்க எலெக்ட்ரிக்கல் சர்டிபிகேட் வேண்டும். ராடானுக்கு அப்படி எதுவும் கட்டாயமில்லை. ஆனால் 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தென்னாப்பிரிக்கச் சொத்துத் தொழில்முறையாளர் சட்டப்படி, விற்பவர் தமக்குத் தெரிந்த குறைகளை எழுதிக் கையெழுத்திட்ட டிஸ்க்ளோஷர் ஃபார்ம் இல்லாமல் நாம் மாண்டேட் (வீட்டை விற்றுத்தரும் பொறுப்பு) எடுக்கவே கூடாது. முன்பே அளந்து கூடுதலாக வந்திருந்தால் அதை அதில் எழுதச் சொல்லுங்கள். தெரிந்தே மறைத்தவரை 'வூட்ஸ்டூட்ஸ்', அதாவது 'இருக்கிறபடியே விற்கிறேன்' என்ற நிபந்தனை, காப்பாற்றாது. "அதை எழுதினால் விலை இறங்கிவிடும் தம்பி" என்று பெரியவர்கள் தயங்குவார்கள். விற்ற பிறகு கேஸ் வந்தால் ஆகும் செலவை அவர்களோடு உட்கார்ந்து பொறுமையாகப் பேச வேண்டும். இந்தப் பேச்சுக்கு நேரம் ஒதுக்குவது நம் வேலையின் ஒரு பகுதி.

வாங்குபவர் சோதனை கேட்டால் தடுக்காதீர்கள். ஆஃபர் எழுதும்போதே நிபந்தனையாகச் சேர்த்து, எத்தனை நாளுக்குள், யார் செலவில், எந்த அளவைத் தாண்டினால் என்ன செய்வது என்று தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். பாண்ட் அப்ரூவலுக்கு (வீட்டுக் கடன் ஒப்புதலுக்கு) காத்திருக்கும் வாரங்களிலேயே, ராடானை உறிஞ்சும் கரி டப்பா வைத்து அளந்துவிடலாம், அதற்குச் சில நாட்கள் போதும். மூன்று மாதம் வைக்கும் நீண்ட சோதனைதான் நம்பகமானது, ஆனால் விற்பனை அதுவரை நிற்காது. சோதனை நடக்கும்போது ஜன்னல்களை மூடி வைக்க வேண்டும். வாங்க வருபவர்களுக்கு வீட்டைக் காட்டும் ஷோ டேக்காக எல்லாவற்றையும் திறந்து போட்டால் கணக்கே தப்பாகிவிடும். டப்பாவைப் படுக்கையறையில் வையுங்கள், சமையலறையிலோ பாத்ரூமிலோ வேண்டாம்.

அளவு கூடுதலாக வந்தாலும் விற்பனை முடிந்துபோவதில்லை. பழைய மரத்தரை வீடுகளில் நான் முதலில் பார்ப்பது ஏர் பிரிக்கைத்தான், அதாவது தரைக்கடியில் காற்று போகச் சுவரில் வைக்கும் ஓட்டைச் செங்கல்லை. குளிருக்குப் பயந்து பலர் அதைச் சிமெண்ட் பூசி அடைத்துவிடுகிறார்கள், அல்லது பேவிங்கை உயர்த்தி மூடிவிடுகிறார்கள். அதைத் திறந்தாலே தரைக்கடியில் காற்று ஓடும். கான்கிரீட் தரையென்றால் விரிசல்களை அடைக்கலாம். அதுவும் போதாவிட்டால் தரைக்கடியில் குழாய் இறக்கி, சின்ன விசிறி வைத்து வாயுவைக் கூரைக்கு மேலே வெளியேற்றலாம். அந்தச் செலவை விலையில் கழிப்பதா, விற்பவரே செய்து கொடுப்பதா என்று இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசுங்கள். அப்புறம், வேலை முடிந்ததும் மறுபடி ஒருமுறை அளந்து, அந்தத் தாளையும் வீட்டுச் சாவியோடு கொடுத்துவிடுங்கள்.