அடுத்த சீசனில் எத்தனை புள்ளி?

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் அமெரிக்காவின் கல்லூரி ஊர்களில் அமெரிக்கன் ஃபுட்பால் பற்றி ஒரே பேச்சுதான்: இந்த வருடம் நம் பையன்கள் எப்படி? முதல் ஆட்டம் நடக்கும்வரை யார் சொல்வதையும் பொய் என்று நிரூபிக்க முடியாது. அதனால் எல்லோரும் ஜோசியர்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து கணக்குப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஓர் அணியின் தாக்குதல் ஆட்டம் வரும் சீசனில் எந்த அளவுக்குப் புள்ளி குவிக்கும் என்று முன்கூட்டியே ஓர் எண்ணைச் சொல்வது அவர்கள் வேலை. அந்த எண் எங்கிருந்து வருகிறது, எங்கே சறுக்குகிறது என்று பார்க்க, லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழக அணியின் 2018 முதல் 2020 வரையிலான மூன்று சீசன்களை விட்டால் நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. சுருக்கமாக எல்.எஸ்.யு. என்பார்கள்; ஊர் பேட்டன் ரூஜ்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு நான்கு வரி. இது நாம் காலால் உதைத்து ஆடும் கால்பந்து இல்லை. பக்கத்துக்கு 11 பேர், 100 யார்டு நீள மைதானம். பந்து கையில் இருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். அதற்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்புகள். ஒவ்வொரு வாய்ப்புக்கும் 'டவுன்' என்று பெயர். இப்படியே நகர்ந்து எல்லைக்கோட்டைத் தாண்டினால் டச்டவுன், 6 புள்ளி. அதன் பிறகு ஓர் உதைக்கு 1 புள்ளி. பந்தை ஓடியும் கொண்டுபோகலாம், எறிந்தும் கொண்டுபோகலாம். எறிகிறவர் குவார்ட்டர்பேக், ஓடிப்போய்ப் பிடிக்கிறவர் ரிசீவர். அவ்வளவு போதும்.

கணிப்பின் முதல் படி எளிது. போன வருடம் என்ன செய்தார்கள் என்று பார்ப்பது. 2018-ல் எல்.எஸ்.யு. 13 ஆட்டங்களில் 421 புள்ளி எடுத்தது. சராசரி 32.4. அந்தக் காலத்து முதல்நிலைக் கல்லூரி அணிகளின் சராசரி 28-லிருந்து 30 வாக்கில் இருந்தது. ஆக, கொஞ்சம் மேலே. பரவாயில்லை ரகம்.

ஆனால் அந்த 32.4-ஐ லேசாகச் சுரண்டிப் பார்த்தால் சாயம் போகும். நவம்பர் 24 அன்று டெக்சஸ் ஏ அண்ட் எம் அணியுடன் நடந்த ஆட்டம் 31-31 என்று சமனில் முடிந்து கூடுதல் நேரத்துக்குப் போனது. கல்லூரி ஆட்டத்தில் கூடுதல் நேரம் என்பது கடிகாரம் இல்லாத சமாசாரம். எதிரணி எல்லையிலிருந்து 25 யார்டு தூரத்தில் பந்தைக் கையில் கொடுத்துவிடுவார்கள். ஆளுக்கு ஒரு முறை முயற்சி. சமனானால் இன்னொரு சுற்று. அன்று ஏழு சுற்று போய், 74-72 என்று எல்.எஸ்.யு. தோற்றது. அடுத்த வருடமே விதியை மாற்றி, ஐந்தாவது சுற்று முதல் சுருக்கிவிட்டார்கள். நமக்கு வேண்டிய விஷயம், எல்.எஸ்.யு.வின் 72-ல் 41 புள்ளி கூடுதல் நேரத்தில் வந்தது. அதைக் கழித்தால் சீசன் மொத்தம் 380, சராசரி 29.2. தேசியச் சராசரிக்கு மேல் என்று நினைத்த அணி ஒரே கழித்தலில் சராசரிக்கே வந்துவிடுகிறது. அதே சீசனில் சொந்த மைதானத்தில் அலபாமாவிடம் 29-0 என்று முட்டை வாங்கியதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு சீசனில் 12, 13 ஆட்டங்கள்தான். இவ்வளவு சிறிய மாதிரியில் ஒரே ஒரு விசித்திர ஆட்டம் முழு எண்ணையும் தூக்கிவிடும். அதனால்தான் கணக்குக்காரர்கள் ஸ்கோரை நம்புவதில்லை. ஒவ்வொரு டவுனாக எண்ணுகிறார்கள். ஆட்டத்துக்கு 70 டவுன் என்று வைத்தாலும் சீசனுக்கு 800, 900 தேறும். அவை ஒவ்வொன்றும் வெற்றியா தோல்வியா என்று குறிக்கிறார்கள். முதல் டவுனில் தேவையான தூரத்தில் பாதி, இரண்டாவதில் 70 சதவீதம், மூன்றாவது நான்காவதில் முழுவதும் கிடைத்தால் வெற்றி. முதல் டவுனில் 5 யார்டு நல்ல காரியம். மூன்றாவது டவுனில் 8 யார்டு தேவைப்படும்போது அதே 5 யார்டு வீண்.

இன்னும் நுட்பமான அளவுகோலும் உண்டு. மைதானத்தில் பந்து இருக்கும் இடத்துக்கே ஒரு புள்ளி மதிப்பு கொடுப்பது. இதைத் தொடங்கிவைத்தவர்களில் ஒருவர் ஆடிக்கொண்டிருந்த வீரரே: சின்சினாட்டி பெங்கால்ஸ் என்ற தொழில்முறை அணியின் குவார்ட்டர்பேக் விர்ஜில் கார்ட்டர். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபர்ட் மக்கோலுடன் சேர்ந்து 1971-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். 1969-ன் தொழில்முறை ஆட்டங்கள் 56-ஐ எடுத்து, ஒவ்வோர் இடத்திலிருந்தும் தொடங்கிய ஆட்டம் அடுத்து யாருக்கு எத்தனை புள்ளியில் முடிந்தது என்று சராசரி பார்த்தார்கள். எதிரணி எல்லைக்கு அருகே முதல் டவுன் கிடைத்தால் அதன் மதிப்பு ஏறக்குறைய 6. சொந்த எல்லைக்கு ஒட்டினாற்போல் கிடைத்தாலோ மதிப்பு பூஜ்யத்துக்கும் கீழே! பந்து உங்கள் கையில் இருக்கிறது, ஆனால் அடுத்த புள்ளியை எடுக்கப்போவது எதிரணியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இன்றைய கணிப்பு முறைகள் பலவற்றின் அடியில் இந்த யோசனைதான் ஓடுகிறது.

சரி, போன வருடத்தை ஒழுங்காக அளந்தாயிற்று. அப்புறம்? அதிர்ஷ்டத்தைக் கழிக்க வேண்டும். கையிலிருந்து பந்து நழுவித் தரையில் விழுந்தால் யார் எடுத்தாலும் அவர்களுக்குச் சொந்தம். பந்தோ இரண்டு முனையும் கூராக இருப்பது. எந்தப் பக்கம் எகிறும் என்று அதற்கே தெரியாது. ஆகவே நீண்டகாலக் கணக்கில் பாதிக்குப் பாதிதான். ஒரு வருடம் பத்தில் எட்டை ஓர் அணி எடுத்திருந்தால் அது திறமை இல்லை, அடுத்த வருடம் அப்படி நடக்காது. இந்த மாதிரி விஷயங்களையெல்லாம் சராசரியை நோக்கி இழுத்துவிடுவார்கள். மிக நன்றாக ஆடிய அணியின் எண்ணைக் கொஞ்சம் இறக்கியும், மோசமாக ஆடியதைக் கொஞ்சம் ஏற்றியும் வைப்பது கணிப்பின் அடிப்படை மரியாதை.

மூன்றாவது படிதான் கல்லூரி ஆட்டத்துக்கே உரியது. இங்கே வீரர்கள் மாணவர்கள்; நான்கு சீசன் ஆடிவிட்டால் வெளியே. நன்றாக ஆடுகிறவர்கள் அதற்கு முன்பே தொழில்முறை அணிகளுக்குப் போய்விடுவார்கள். போன வருட எண்ணை எடுத்த கைகளில் எத்தனை திரும்பி வருகின்றன என்று பார்க்காமல் அந்த எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பில் கானெலி என்ற புள்ளிவிவர எழுத்தாளர் இதைப் பல சீசன்களுக்குக் கணக்கிட்டு வருகிறார். எறிந்த யார்டுகளில், பிடித்த யார்டுகளில், எறிகிறவரைக் காக்கும் முன்வரிசைத் தடுப்பாளர்களின் அனுபவத்தில் எவ்வளவு பங்கு திரும்புகிறது என்று பார்க்கும் முறை. அதில் கிடைத்த சுவாரசியமான முடிவு, குவார்ட்டர்பேக்கும் ரிசீவர்களும் திரும்புவதற்கு எடை அதிகம். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர் திரும்புவதற்கு எடை மிகக் குறைவு. ஓடுகிறவர் போனால் இன்னொருவர் கிடைப்பார். எறிகிறவரும் பிடிக்கிறவரும் ஒருவரை ஒருவர் கண் பார்த்துப் பழகியது போனால் மறுபடி வர நாளாகும்.

இந்த மூன்று படியையும் 2019 கோடையில் எல்.எஸ்.யு.வுக்குப் போட்டுப் பார்ப்போம். 1,039 யார்டு ஓடிய நிக் ப்ராசெட் போய்விட்டார். அது பெரிய நஷ்டம் இல்லை. குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோ திரும்புகிறார். ரிசீவர்கள் ஜஸ்டின் ஜெஃபர்சன் (54 பிடிப்பு, 875 யார்டு), ஜமார் சேஸ் (23 பிடிப்பு, 313 யார்டு) திரும்புகிறார்கள். முன்வரிசையிலும் பெரும்பாலோர் அப்படியே. அடையாளங்கள் நல்லவைதான். என் கைக்கணக்கில் ஆட்டத்துக்கு 33-லிருந்து 36 புள்ளி வரை வரும். செய்தியாளர்கள் வாக்களிக்கும் ஏபி தரவரிசையும் சீசனுக்கு முன் ஆறாவது இடம் கொடுத்தது.

வந்தது 48.4. 15 ஆட்டத்தில் 726 புள்ளி.

கணிப்பில் இல்லாதது எது? அந்த ஜனவரியில் ஜோ பிரேடி என்ற 29 வயதுக்காரர் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் என்ற தொழில்முறை அணியிலிருந்து எறிதல் ஆட்டத்துக்கான பயிற்சியாளராக வந்து சேர்ந்தார். தலைமைப் பயிற்சியாளர் எட் ஓர்ஜெரானும், தாக்குதல் ஆட்டத்தின் பொறுப்பாளர் ஸ்டீவ் என்ஸ்மிங்கரும் மாறவில்லை. ஆடும் முறைதான் மாறியது.

அந்த முறையின் சூட்சுமம் வெறும் வடிவியல். மைதானத்தின் அகலம் 160 அடி. தாக்கும் அணியின் 11 பேரில் ஐந்து பேர் முன்வரிசைத் தடுப்பாளர்கள். அவர்கள் எறிந்த பந்தைப் பிடிக்கக் கூடாது. ஒருவர் குவார்ட்டர்பேக். மீதி ஐந்து பேர். பழைய பாணியில் அந்த ஐவரில் இரண்டு மூன்று பேர் நடுவில் நெருக்கியடித்துத் தடுப்புக்கு உதவுவார்கள். எல்.எஸ்.யு. ஐவரையும் அகலமாகப் பரப்பி நிறுத்தத் தொடங்கியது. இப்போது எதிரணி என்ன செய்யும்? ஐவருக்கும் ஆள் போட வேண்டும். குவார்ட்டர்பேக்கை அமுக்க ஆறு பேரை அனுப்பினால் ஐவருக்கு ஐவர் மட்டுமே மிச்சம். பின்னால் காவலுக்கு ஒரு ஆள்கூடக் கிடையாது. நான்கு பேரை அனுப்பினால் காவல் உண்டு, ஆனால் எறிகிறவருக்கு நிதானமாக நேரம் கிடைக்கும். இதைவிட முக்கியம், பரந்து நிற்கும்போது எதிரணியின் திட்டத்தை மறைக்க முடியாது. யார் எங்கே நிற்கிறார் என்பதே யார் என்ன செய்யப்போகிறார் என்று சொல்லிவிடும். பந்து கைக்கு வருவதற்கு முன்பே பர்ரோவுக்குப் பாதி விடை தெரியும்.

இதற்கு விலையும் உண்டு. ஐந்து தடுப்பாளர்களை நோக்கி ஆறு பேர் வந்தால் ஒருவர் தடையின்றி வந்துவிடுவார். அவர் வந்து சேர்வதற்குள் பந்து கையை விட்டுப் போயாக வேண்டும். எறிகிறவர் சட்டென்று முடிவெடுக்க வேண்டும், ரிசீவர் அந்த நொடியில் அந்த இடத்தில் இருக்க வேண்டும், முன்வரிசை அந்த ஒரு கணத்தைப் பெற்றுத்தர வேண்டும். மூன்றில் எது சொதப்பினாலும் மொத்தமும் சொதப்பல். அந்த வருடம் மூன்றும் அமைந்தன. முன்வரிசை நாட்டிலேயே சிறந்ததென ஜோ மூர் விருது வாங்கியது. முந்தைய வருடம் எறிந்ததில் 57.8 சதவீதம் இலக்கு சேர்த்த பர்ரோ 76.3 சதவீதத்துக்கு ஏறினார். 16 டச்டவுன் எறிந்தவர் 60 எறிந்தார். 2018-ல் அவர் ஒஹாயோ ஸ்டேட்டிலிருந்து கோடையில்தான் வந்து சேர்ந்தார், வசந்தகாலப் பயிற்சியே கிடைக்கவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். சராசரி என்று நாம் எழுதிவைத்த எண், அவசரத்தில் கற்றுக்கொண்டவரின் எண்.

இங்கே ஒரு கேள்வி வரும். துல்லியம் மூன்றில் ஒரு பங்கு கூடினால் புள்ளியும் மூன்றில் ஒரு பங்குதானே கூட வேண்டும்? இல்லை. புள்ளி என்பது தொடர் வெற்றிக்குக் கிடைக்கும் பரிசு. சொந்தப் பக்கம் 25 யார்டு கோட்டில் தொடங்கினால் 75 யார்டு போக வேண்டும். ஒவ்வொரு முறையும் 12, 13 யார்டு போல நகர்ந்தால் ஆறு முறை தொடர்ந்து தாண்ட வேண்டும். ஒரு முறை தாண்டும் வாய்ப்பு 70 சதவீதம் என்றால் ஆறும் தாண்டும் வாய்ப்பு 0.7-ஐ ஆறு முறை பெருக்கியது: சுமார் 12 சதவீதம். அதுவே 80 சதவீதமானால்? சுமார் 26 சதவீதம். அடியில் பத்து சதவீதப் புள்ளி ஏறினால் உச்சியில் இரண்டு மடங்குக்கு மேல். உண்மை ஆட்டத்தில் ஒரே எறிதலில் 60 யார்டு போவதும் உண்டு, அதனால் இது வெறும் மாதிரிக் கணக்கு. ஆனால் நடுத்தர அணிக்கும் அசுர அணிக்கும் இடையே ஸ்கோரில் தெரியும் தூரம், திறமையில் இருக்கும் தூரத்தைவிட எப்போதும் பெரிதாகத் தெரிவதற்குக் காரணம் இந்தப் பெருக்கல்தான்.

செப்டம்பர் 7 அன்று டெக்சஸ் அணிக்கு எதிராக ஆட்டம் முடியும் நேரம், மூன்றாவது டவுன், தேவை 17 யார்டு. எந்தக் கணக்கிலும் அந்த டவுன் பெரும்பாலும் தோற்கும். எதிரணி கூட்டமாகப் பாய்ந்து வர, பர்ரோ நகர்ந்து எறிந்தது ஜெஃபர்சன் கையில் 61 யார்டு டச்டவுனாக முடிந்தது. 45-38. நவம்பரில் அலபாமாவை அதன் சொந்த மைதானத்தில் 46-41; எட்டு ஆட்டத் தொடர் தோல்விக்குப் பிறகு வந்த வெற்றி, அதுவும் போன வருடம் ஒரு புள்ளிகூடக் கிடைக்காத எதிரணியிடம். அரையிறுதியில் ஓக்லஹோமாவுக்கு எதிராக முதல் பாதியிலேயே பர்ரோ ஏழு டச்டவுன் எறிந்தார். இறுதியில் கிளெம்சனை 42-25 என்று வென்று, 15 ஆட்டத்திலும் வெற்றி. ப்ராசெட்டின் இடத்துக்கு வந்த கிளைட் எட்வர்ட்ஸ்-ஹெலேர் 1,414 யார்டு ஓடினார். ஓடுகிறவரின் எடை குறைவு என்ற விதி மட்டும் அட்சரம் பிசகவில்லை.

அப்புறம் 2020. தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் 'டிராஃப்ட்'டில் பர்ரோ முதல் ஆளாகத் தேர்வாகிப் போனது, பாருங்கள், விர்ஜில் கார்ட்டரின் பழைய அணியான பெங்கால்ஸுக்கு. ஜெஃபர்சனும் எட்வர்ட்ஸ்-ஹெலேரும் அதே முதல் சுற்றில் போனார்கள். முன்வரிசை ஐவரில் நால்வர் இல்லை. பிரேடி கரோலினா பேந்தர்ஸ் என்ற தொழில்முறை அணிக்குப் போய்விட்டார். பெருந்தொற்றுக் காலத்தில் ஆடுவதில்லை என்று சேஸ் விலகிக்கொண்டார். திரும்பிவரும் பங்கைக் கணக்கிடத் தெரிந்த எவருக்கும் வயிற்றைக் கலக்கியிருக்கும். ஏபி தரவரிசை மறுபடியும் அதே ஆறாவது இடத்தைக் கொடுத்தது. மனிதர்களுக்குப் போன வருடக் கோப்பை கண்ணை மறைக்கிறது. இந்த விஷயத்தில் நான் கணக்குப் போடும் இயந்திரத்தின் கட்சி.

முதல் ஆட்டத்திலேயே மிசிசிப்பி ஸ்டேட்டிடம் 44-34 என்று உதை. சீசன் முடிவில் ஐந்து வெற்றி, ஐந்து தோல்வி. எடுத்த புள்ளி பத்து ஆட்டத்தில் 320. சராசரி 32.0.