எபிஃபனி: ஞானோதயமா, தரிசனமா, மெய்க்காட்சியா?

மதுரையில் ஒரு நண்பர் வீட்டு மொட்டைமாடியில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து ஐரிஷ் எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘அராபி’ சிறுகதையை வாசித்தோம். முடித்ததும் கல்லூரியில் படிக்கும் பெண் ஒருவர் கேட்டார்: “சார், கைடுல இதை எபிஃபனின்னு போட்டிருக்காங்க. தமிழ்ல ஞானோதயம்னு எழுதலாமா?” எழுதலாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சாதாரணமான ஒரு நொடியில் ஒன்றின் உண்மை சட்டென்று தெரிந்துவிடுவதைத்தான் இலக்கியத்தில் எபிஃபனி என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடிப் போனதில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கதை. டப்ளினில் ஒரு பையன், தோழனின் சகோதரி மேல் மயங்கிக் கிடக்கிறான். ‘அராபி’ என்ற சந்தைக்குப் போய் உனக்கு ஏதாவது வாங்கி வருகிறேன் என்று அவளிடம் வாக்குக் கொடுக்கிறான். காசு தர வேண்டிய மாமா நேரம் கழித்து வருகிறார். பையன் போய்ச் சேரும்போது கடைகள் அநேகமாக மூடிவிட்டன. ஒரு கடையில் விற்பனைப் பெண் இரண்டு ஆண்களோடு அசட்டுத்தனமாகப் பேசிச் சிரிக்கிறாள். மேலே விளக்கு அணைகிறது. அந்த இருட்டில் பையனுக்குத் தன் வீண்கனவு தெரிந்துவிடுகிறது, கண்கள் எரிகின்றன. கதை அங்கேயே முடிகிறது. அவன் ஞானி ஆகவில்லை. நாளைக்கு அவன் எப்படி இருப்பான் என்றும் கதை சொல்லவில்லை. ஞானோதயம் என்றால் விடிந்த பொழுது திரும்ப இருட்டாது என்று பொருள்படும். போதாக்குறைக்கு நம் பேச்சில் “இப்பத்தான் ஞானோதயம் வந்துச்சாக்கும்” என்று அது இடக்காகவும் ஆகிவிட்டது. எரியும் கண்களோடு நிற்கும் பையனுக்கு அந்தச் சொல் ஆகாது.

எபிஃபனியின் வேர் கிரேக்கம். ‘ஃபைனெயின்’ என்றால் காட்டுதல், தோன்றச் செய்தல். ‘எபிஃபனெயா’ என்றால் தோன்றுதல், குறிப்பாகத் தெய்வம் மனிதர் முன் தோன்றுதல். சிரியாவை ஆண்ட நான்காம் அந்தியோக்கஸ் தன்னை ‘எபிஃபனிஸ்’, அதாவது தோன்றி நிற்கும் தெய்வம், என்று அழைத்துக்கொண்டான். பிறகு சொல் கிறிஸ்தவத்துக்கு வந்தது. மேலைத் திருச்சபையில் ஜனவரி 6, குழந்தை இயேசுவை ஞானிகள் வந்து கண்ட நாள். தமிழ்க் கத்தோலிக்கர் அதை மூன்று ராஜாக்கள் திருநாள் என்பார்கள். வழிபாட்டு நூல்களில் அது ‘திருக்காட்சி’. ஆகத் தமிழில் இந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது, இலக்கியக்காரர்கள்தான் கோயில் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

ஜாய்ஸ் (1882–1941) இயேசு சபைப் பள்ளிகளில் படித்தவர். மதுரைக்காரர்களுக்கு அந்தச் சபை அந்நியமில்லை. 1606இல் ராபர்ட் தெ நொபிலி இங்கு வந்தார். அகரவரிசையில் சொற்களை அடுக்கிய ‘சதுரகராதி’யைத் தந்த வீரமாமுனிவரும் மதுரை மிஷனைச் சேர்ந்தவரே. அந்தச் சபையிடம் கற்ற சமயச் சொல்லைத்தான் ஜாய்ஸ் தெருவுக்கு இழுத்து வந்தார். அவர் முடிக்காமல் விட்டு, இறந்தபின் 1944இல் அச்சான ‘ஸ்டீஃபன் ஹீரோ’ நாவலில் அதற்கு விளக்கம் இருக்கிறது: கொச்சையான ஒரு பேச்சிலோ, ஒரு கையசைவிலோ, மனத்தின் மறக்க முடியாத ஒரு நிலையிலோ சட்டென்று நிகழும் ஆன்மிகத் தோற்றம். டப்ளினில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் கடிகாரத்துக்குக்கூட எபிஃபனி உண்டு என்கிறான் அதன் நாயகன் ஸ்டீஃபன். தினமும் பார்த்துக் கடக்கும் அந்தக் கடிகாரம் ஒரு நாள், தான் எதுவோ அதுவாகவே பளிச்சென்று தெரியும் என்கிறான்.

இதைப் படித்தபோது எனக்கு ஓடி வந்தது குறள்தான்.

எப்பொருள் எத்தன்மைத் தாயினும் அப்பொருள்
மெய்ப்பொருள் காண்ப தறிவு (355)

எந்தப் பொருளானாலும், எப்படித் தோற்றம் காட்டினாலும், அதன் மெய்யைக் காண்பது. கடிகாரமும் அதில் அடக்கம், மூடப்போகும் சந்தையும் அடக்கம். அதே அதிகாரத்தில், ‘மாசறு காட்சியவர்க்கு’ என்று காட்சி என்ற சொல்லும் வந்துவிடுகிறது (352).

சரி, தரிசனம் என்றால் என்ன குறை? அழகான சொல், விமர்சனத்தில் ஊறிய சொல். ஆனால் ‘இந்த எழுத்தாளரின் தரிசனம்’ என்றால் இன்று அது அவருடைய முழு வாழ்க்கைப் பார்வை. எபிஃபனியோ ஒரு நொடி. இன்னொன்று, தரிசனத்துக்கு நாம்தான் புறப்பட்டுப் போகிறோம். மீனாட்சி கோயிலில் வரிசையில் நின்று, வேண்டிக்கொண்டு, தேடிப் போய்ப் பார்க்கிறோம். எபிஃபனியில் பொருள்தான் நம் முன் வருகிறது. வெளிப்பாடு என்பது எழுத்தாளர் தன் உணர்ச்சியைச் சொல்லும் விதத்துக்குப் போய்விட்டது. தொல்காப்பியத்து மெய்ப்பாடு நெருங்கி வருகிறது. உள்ளே உள்ளது உடம்பில் தெரிவது. ஆனால் எட்டு மெய்ப்பாடு என்று கணக்கு வைத்த சொல்லை அசைக்க எனக்கு மனமில்லை.

எங்கள் ஊரில் எதிர்சேவை என்று ஒரு சொல் உண்டு. வைணவ வழக்கில் சேவை என்பது பெருமாளைக் காண்பது. அவர் காட்சி தருவதைச் சேவை சாதிக்கிறார் என்பார்கள். அழகர்கோவிலிலிருந்து கள்ளழகர் வைகைக்கு வரும் வழியில், ஆற்றில் இறங்குவதற்கு முந்தின நாள், மூன்றுமாவடி, தல்லாகுளம் என்று ஊரே எதிர்கொண்டு போய் நிற்கும். அவர் நம்மை நோக்கி வருகிறார், நாம் அவரை நோக்கிப் போகிறோம். எபிஃபனியின் திசையை இவ்வளவு சரியாகச் சொல்லும் சொல் வேறில்லை என்று ஒரு வாரம் நம்பிக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் உறைத்தது: எதிர்சேவையில் வருபவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். ஜாய்ஸின் பையனுக்குத் தெரியாது. அவன் எதிர்பார்த்துப் போனது வேறு, வந்தது வேறு.

அதனால் நான் ‘மெய்க்காட்சி’ என்று எழுதுகிறேன். வெறும் காட்சி என்றால் சினிமாவில் காலைக் காட்சி, மாலைக் காட்சி என்று போய்விடும். மெய் என்பதில் உண்மையும் இருக்கிறது, உடம்பும் இருக்கிறது. ஜாய்ஸுக்கு இரண்டும் வேண்டும்.

வினைச்சொல்லிலும் கவனம் வேண்டும். ‘மெய்க்காட்சி அடைந்தான்’ என்றால் பரிசு வாங்கியது மாதிரி ஆகும். ‘மெய்க்காட்சி வாய்த்தது’ சரியாக இருக்கும். தமிழ் இலக்கணமே இதற்கு வழிவிடுகிறது. ‘நான் தெரிந்தேன்’ என்பதில்லை, ‘எனக்குத் தெரிந்தது’ என்கிறோம். ‘எனக்குப் பட்டது’, ‘எனக்கு உறைத்தது’. தெரிவதுதான் எழுவாய், நாம் நான்காம் வேற்றுமையில் ஓரமாக நிற்கிறோம்.

யாருக்கு என்ற இந்த ‘கு’வை விட்டுவிட்டால் ஜாய்ஸின் அறம் கைக்கு வராது. 1914இல் வெளிவந்த ‘டப்ளினர்ஸ்’ தொகுப்பில் 15 கதைகள். என் நாட்டின் அற வரலாற்றில் ஓர் அத்தியாயம் எழுதுவதே நோக்கம், முடக்கத்தின் மையம் என்பதால்தான் டப்ளினைத் தேர்ந்தேன் என்று பதிப்பாளருக்கு 1906இல் எழுதினார். அற வரலாறு என்றதும் நாம் கதையின் கடைசியில் நீதியைத் தேடுகிறோம். ‘களிமண்’ கதையைப் பாருங்கள். சலவைக்கூடத்தில் வேலை செய்யும், கல்யாணமாகாத, வயதான மரியா, தான் வளர்த்த பையன் வீட்டுக்குப் பண்டிகைக்குப் போகிறாள். கண்ணைக் கட்டி விளையாடும் குறி விளையாட்டில் அவள் விரலில் ஈரமாக, மெத்தென்று ஏதோ படுகிறது. களிமண், சாவுக்கான குறி. அறை அமைதியாகிறது. யாரோ குழந்தைகளை அதட்டுகிறார்கள், தட்டை மாற்றுகிறார்கள். ஆட்டம் சரியில்லை போல என்று மட்டும் மரியா நினைத்துக்கொள்கிறாள். பிறகு ஒரு பாட்டுப் பாடுகிறாள், இரண்டாம் சரணத்துக்குப் பதில் முதல் சரணத்தையே திரும்பப் பாடுகிறாள். தப்பு என்று ஒருவரும் சொல்லவில்லை.

“அப்போ இந்தக் கதையில எபிஃபனியே இல்லையா சார்?” என்று அந்தப் பெண் கேட்டார். நான் வாக்கியத்தை எழுதிக் காட்டினேன்: மரியாவுக்கு மெய்க்காட்சி வாய்க்கவில்லை, வாசகருக்கு வாய்த்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, ‘வாசகருக்கு’ என்பதை அடித்து, மேலே ‘எனக்கு’ என்று எழுதினார்.