ரிமோட் பட்டனுக்குள் ஒரு ரப்பர் கூரை

தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: “எங்கள் வீட்டு டிவி ரிமோட்டில் மற்ற பட்டனெல்லாம் லேசாகத் தொட்டாலே வேலை செய்கிறது. வால்யூம் பட்டனை மட்டும் நகம் வெளுக்கிற அளவுக்கு அழுத்த வேண்டியிருக்கிறது. பேட்டரி புதுசு. பட்டன் என்றால் ஒன்று தொடும், இல்லாவிட்டால் தொடாது. இதில் அழுத்தத்துக்கு என்ன வேலை?”

அந்தக் கடைசிக் கேள்விக்காகவே எங்கள் வீட்டு ரிமோட்டைக் கழற்றினேன். பேட்டரி அறைக்குள் ஒரு ஸ்க்ரூ, அப்புறம் ஓரத்தில் மெல்ல நெம்பினால் இரண்டாகப் பிரிந்துவிடும். உள்ளே இருப்பது இரண்டே சாமான்: எல்லாப் பட்டன்களும் ஒரே துண்டாக வார்க்கப்பட்ட ஒரு ரப்பர் விரிப்பு, அதற்கு அடியில் சர்க்யூட் போர்டு. ரப்பரைத் திருப்பிப் பார்த்தால், ஒவ்வொரு பட்டனின் அடியிலும் மிளகைவிடச் சற்றுச் சிறிய கறுப்புப் பொட்டு இருக்கும். அது கார்பன் கலந்த ரப்பர், மின்சாரம் கடத்தும். போர்டில் அதற்கு நேர் கீழே இரண்டு சீப்புகளை எதிரெதிரே வைத்து, பல்லுக்கு நடுவே பல் போகும்படி கோத்த மாதிரி இரண்டு கோடுகள். அவை ஒன்றையொன்று தொடாது. கறுப்புப் பொட்டு மேலே வந்து உட்கார்ந்தால் இரண்டும் இணையும், அதுதான் சுவிட்ச். போர்டில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கோடுகளில் எது எதோடு இணைந்தது என்பதைச் சில்லு (சிப்) பார்த்துக்கொள்கிறது. முன்பக்கத்து அகச்சிவப்பு விளக்கு வினாடிக்கு ஏறத்தாழ 38,000 முறை துடித்துச் செய்தியை டிவிக்கு அனுப்புகிறது. இது பலருக்கும் தெரிந்த கதைதான். நான் சொல்ல வந்தது அந்த ரப்பரைப் பற்றி.

விரிப்பைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பக்கவாட்டில் பாருங்கள். பட்டன் போர்டின் மேல் உட்கார்ந்திருக்காது. சுற்றிலும் சரிவாக இறங்கும் மெல்லிய ரப்பர் சுவர் ஒன்று அதைத் தூக்கிப் பிடித்திருக்கும், குட்டிக் கூடாரம் போல. கறுப்புப் பொட்டுக்கும் போர்டுக்கும் நடுவே சுமார் 1 மில்லிமீட்டர் இடைவெளி. பட்டனின் புத்தியெல்லாம் இந்தச் சரிவுச் சுவரில்தான் இருக்கிறது.

மெதுவாக அழுத்துங்கள். முதலில் சுவர் எதிர்க்கும். இன்னும் அழுத்தினால் இன்னும் எதிர்க்கும். ஒரு கட்டம் வரை இப்படியே ஏறிக்கொண்டு போகும். அந்தக் கட்டத்தைத் தாண்டியதும் சுவரால் நேராக நிற்க முடியாது, மடங்கிவிடும். மடங்கிய சுவர் தாங்கும் பாரம் குறைவு. உங்கள் விரலோ பழைய பலத்தோடுதான் அழுத்திக்கொண்டிருக்கிறது. 100 கிராம் எடைக்குச் சமமாக அழுத்திய விரலுக்கு எதிரில் இப்போது 50 கிராம் எதிர்ப்புதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சப் பலம் பட்டனைப் பொத்தென்று அடித்தளத்துக்குக் கொண்டுபோய்விடும். எவர்சில்வர் டப்பா மூடியின் நடுவில் அழுத்தினால் ‘டொக்’கென்று உள்வாங்குமே, அதே சங்கதி. திருவிழாக் கடையில் வாங்கிய தகரத் தவளை ‘டிக் டிக்’ என்றதும் இதனால்தான்.

இப்போது ஒரு சோதனை. பட்டனைப் பாதி வழியில் நிறுத்திப் பாருங்கள். முடியாது. மேலே நிற்கும், அல்லது கீழே போய்விடும். நடுவில் நிற்கிற இடமே இல்லை. எனக்கு இதில் தீராத வியப்பு. ரப்பர் என்பது வளையக்கூடிய, குழைவான பொருள். அதில் போய் ‘ஆம், இல்லை’ என்ற கறாரான முடிவை ஏற்றிவைத்திருக்கிறார்கள், அதுவும் ஸ்பிரிங் இல்லாமல், கீல் இல்லாமல், வெறும் வடிவத்தால். இந்தச் சரிவுச் சுவர் இல்லாமல் வெறும் பஞ்சின் மேல் பொட்டை ஒட்டியிருந்தால், தொட்டும் தொடாமலும் இழுபறியாக இருக்கும். ஒருமுறை அழுத்தினால் மூன்று முறை அழுத்தியதாகச் சில்லு நினைத்துக்கொள்ளும். கூரை சரியும்போது பொட்டு தயங்காமல் வந்து விழுகிறது. அந்தச் சரிவை விரல் நுனியும் உணர்கிறது. ‘அழுத்தியாச்சு’ என்று நமக்குத் தெரிவதும், மின்சாரம் பாய்வதும் ஏறக்குறைய ஒரே கணத்தில். டிவியைப் பார்த்தபடியே இருட்டில் சேனல் மாற்ற முடிவது இதனால்தான். கணினி விசைப்பலகைகள் பலவற்றிலும் இதே ரப்பர்க் கூரைதான். சில கருவிகளில் ரப்பருக்குப் பதில் மெல்லிய எஃகுக் குமிழ் இருக்கும். அது கால் மில்லிமீட்டர் அளவே இறங்கும், ‘கிளிக்’ இன்னும் கூர்மையாக இருக்கும்.

சரி, வாசகியின் வால்யூம் பட்டனுக்கு வருவோம். கூரை சரிந்துவிட்டது, பொட்டு சீப்பின் மேல் உட்கார்ந்துவிட்டது. அப்புறமும் ஏன் அழுத்த வேண்டும்?

‘தொடுவது’ என்று நாம் நினைப்பது உண்மையில் மிகக் குறைவாகவே நடக்கிறது. வழவழப்பாகத் தெரியும் எந்தப் பரப்பும் நுண்ணோக்கியில் மலையும் பள்ளமும்தான். இரண்டு பரப்புகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் சிகரங்கள் மட்டுமே ஒட்டும், மற்ற இடமெல்லாம் காற்று. கேம்பிரிட்ஜில் பௌடன், டேபர் என்ற ஆய்வாளர்கள் 1939-இல் இதை ஆராய்ந்தபோது, உலோகங்கள் உண்மையில் தொடும் பரப்பை மதிப்பிட அவற்றுக்கிடையே மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதைத்தான் அளந்தார்கள். பாரத்தை ஏற்ற ஏற்ற சிகரங்கள் நசுங்கும், புதிய சிகரங்கள் வந்து சேரும், மின்தடை குறையும். நம் கறுப்புப் பொட்டுக்கும் இதுவே விதி.

புதிய ரிமோட்டில் லேசான அழுத்தமே தாராளம். நாளாக ஆக, சிலிகோன் ரப்பருக்குள் கட்டுண்டு போகாமல் மிஞ்சிய சின்ன மூலக்கூறுகள் எண்ணெயாக வியர்த்து வெளியே வரும். அதோடு தூசி, விரல் பிசுக்கு, தலைக்கு எண்ணெய் தேய்த்த கை. எல்லாம் சேர்ந்து சீப்பின் மேல் ஒரு படலம் கட்டும். எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தாது. அதிகம் புழங்கும் பட்டனில் பொட்டும் தேய்ந்திருக்கும். அந்தப் படலத்தைக் கிழித்துக்கொண்டு சிகரங்கள் போர்டைத் தொட வேண்டுமென்றால் கூடுதல் பாரம் வேண்டும். நகம் வெளுப்பது அதற்காகத்தான்.

எங்கள் ரிமோட்டில் யாரும் தொடாத சப்டைட்டில் பட்டனின் பொட்டின் மின்தடையை மல்டிமீட்டரால் அளந்தேன்: 150 ஓம் சுற்றி. வால்யூம் பட்டனின் பொட்டு பல ஆயிரம் ஓம் காட்டியது. மீட்டரின் முனையை அழுத்தினால் எண் இறங்கும், விட்டால் ஏறும்.

எங்கள் வீட்டில் இந்தப் பட்டன் அப்பா கைக்கு மட்டும்தான் கேட்கும். “அது அவர் கைராசி” என்று அம்மா சொல்லிவிடுவார். அப்பாவின் கட்டைவிரல் எங்களுடையதைவிட அழுத்தமானது, அவ்வளவுதான். கைராசி என்று சொன்ன மறுகணம் கேள்வி செத்துவிடுகிறது. எனக்கு அதில்தான் வருத்தம். ஆனால் பேட்டரியை வெயிலில் வைத்து எடுப்பவர்களை நான் அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். சூடு ஏறினால் உள்ளே வேதிவினை சற்று வேகமெடுக்கும், கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். அது யாரோ செய்து பார்த்துக் கண்டுகொண்டது.

அழுத்தத்தில் இயங்கும் சுவிட்சுகளுக்கு வேறு வழிகளும் உண்டு. மைக்ரோவேவ் அடுப்பின் தட்டையான முகப்பில் பெரும்பாலும் இரண்டு பிளாஸ்டிக் தாள்கள், உள்பக்கம் வெள்ளி மையால் அச்சிட்ட கோடுகள், நடுவில் துளையிட்ட மூன்றாவது தாள். துளை வழியாக மேல் தாள் கீழ்த் தாளைத் தொட வேண்டும். துளைக்குள் அடைபட்ட காற்று வழிவிட வேண்டுமே என்று, நடுத் தாளில் துளைக்குத் துளை மெல்லிய வாய்க்கால் வெட்டியிருப்பார்கள். சமையலறை கேஸ் லைட்டரில் நசுக்கப்படும் படிகம் மின்னழுத்தம் தருகிறதல்லவா, அதே விளைவை வைத்து அசையாத எஃகு பட்டன்களும் வந்துவிட்டன. அந்த விளைவை 1880-இல் கண்டவர்கள் பிரான்சின் கியூரி சகோதரர்கள்.

இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. இங்கிலாந்தில் டேவிட் லஸ்ஸி என்பவர் 1996-இல் உருவாக்கிய கலவை. முள்முள்ளான நிக்கல் துகள்களை ரப்பருக்குள் புதைத்து, ஒன்றையொன்று தொடாதபடி வைத்திருப்பார்கள். சும்மா இருக்கும்போது மின்காப்பு. நசுக்கினால் துகள்கள் நெருங்கும். எலெக்ட்ரான்கள் நடுவிலுள்ள ரப்பரை ஊடுருவிப் பாயும். சுவர் ஏறாமலே சுவரைத் தாண்டும் இந்தக் குவாண்டம் வித்தையைக் கொண்டு 1928-இல் இயற்பியலாளர் காமோவ் அணுக்கரு சிதைவை விளக்கினார். அப்போது அவரிடம் போய் ‘இதனால் என்ன பயன்?’ என்று கேட்டிருந்தால், பட்டன் செய்யலாம் என்றா சொல்லியிருப்பார்? அடிப்படை ஆராய்ச்சிக்கான விண்ணப்பத்தில் ‘உடனடிப் பயன்’ என்ற கட்டத்தை நிரப்பச் சொல்லும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். அந்தக் கட்டத்தைக் காலியாக விடுகிறவருக்கும் பணம் கிடைக்க வேண்டும்.

வாசகிக்கு: பேட்டரியை எடுத்துவிட்டு ரிமோட்டைத் திறங்கள். ரப்பர் விரிப்பைச் சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் காயவிடுங்கள். கறுப்புப் பொட்டுகளைச் சுரண்டக் கூடாது, உப்புத்தாள் போடவே கூடாது, கார்பன் உரிந்துவிடும். போர்டிலுள்ள சீப்புகளை, செல்போன் பழுது பார்க்கும் கடைகளில் வைத்திருக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடையுங்கள். பஞ்சில் மஞ்சளாகப் பிசுக்கு வரும். நன்றாகக் காய்ந்த பிறகு மூடுங்கள். எங்கள் வால்யூம் பட்டன் இதற்கப்புறம் 400 ஓமுக்கு வந்தது. இப்போது என் தங்கை மகள் அழுத்தினாலும் கேட்கிறது, அவளுக்கு மூன்று வயது.