கெண்டைக்கால் வலி, ரேஸ் வலிதானா?

மழைக்காலத்தில் ஒரு திங்கட்கிழமை. முப்பதுகளில் இருந்த ஒருவர் நொண்டிக்கொண்டே என் அறைக்குள் வந்தார். காய்ச்சல் 102. இரண்டு கண்ணும் செக்கச்செவேல் என்றிருந்தன, ஆனால் பீளை இல்லை.

"ஒன்பது நாள் முன்னாடி மலைப்பக்கம் ஒரு ரேஸுங்க சார். முதல்ல ஓட்டம், அப்புறம் சைக்கிள், மறுபடி ஓட்டம். பூரா சேறு. அந்த வலி இன்னும் விடல. காய்ச்சல் முந்தாநாள்தான் வந்துச்சு, சீசன் காய்ச்சலா இருக்கும்."

கண் ஏன் சிவந்திருக்கிறது என்றேன். சேறு பட்ட எரிச்சலாம். சிறுநீர் குறைவாகப் போகிறதாம், தண்ணீர் சரியாகக் குடிக்கவில்லையாம். எதைக் கேட்டாலும் பதில் தயாராக இருந்தது. படுக்கவைத்துக் கெண்டைக்காலை லேசாகத்தான் அழுத்தினேன். கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

எலிக்காய்ச்சல், அதாவது லெப்டோஸ்பைரோசிஸ். (அவர் அனுமதியோடு, சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.) இந்த நோயின் வம்பே இதுதான்: ஒவ்வொரு அறிகுறிக்கும் ரேஸில் ஒரு சாக்கு கிடைத்துவிடும். திடீர்க் காய்ச்சல், தலைவலி, கெண்டைக்காலிலும் இடுப்பிலும் கடுமையான வலி, பீளையில்லாத சிவந்த கண். வயலில் இறங்குகிறவர் இதைச் சொன்னால் மருத்துவருக்கு உடனே பொறிதட்டும். ஐ.டி. வேலையில் இருப்பவர் சொன்னால் தட்டாது. அவர் சேற்றைச் சொல்லாமல் "உடம்பு வலி டாக்டர்" என்று மட்டும் சொன்னால் சுத்தமாகத் தட்டாது.

ஓடிய வலிக்கு ஒரு கணக்கு உண்டு. இரண்டாம், மூன்றாம் நாள் உச்சத்துக்குப் போகும், பிறகு இறங்கும். ஒரு வாரம் கழித்து ஏறுகிற வலி ரேஸ் வலி அல்ல, அதுவும் காய்ச்சலோடு வந்தால். இவர் நான்கு நாளாக டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். எலிக்காய்ச்சல் சிறுநீரகத்தைத் தாக்கும் நோய், டைக்ளோஃபெனாக்கும் அதே சிறுநீரகத்துக்குச் சுமை. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ஏறியிருந்தது, ரத்தத் தட்டணுக்கள் குறைந்திருந்தன. எலிக்காய்ச்சலுக்கான ஐஜிஎம் ரத்தப் பரிசோதனை 'நெகட்டிவ்' என்று வந்தது. அதைப் பார்த்து அவர் மனைவி நிம்மதிப் பெருமூச்சு விட்டார். ஆனால் முதல் வாரத்தில் அந்தப் பரிசோதனை நெகட்டிவ் காட்டுவது சகஜம், ரத்தத்தில் கிருமியை எதிர்க்கும் புரதங்கள் உருவாக நாள் பிடிக்கும். காத்திருக்காமல் சிகிச்சையைத் தொடங்கினோம். பத்தாவது நாள் பரிசோதனையில் பாசிட்டிவ்.

எலி, மாடு, பன்றி, நாய் இவற்றின் சிறுநீரில் கிருமி வெளியேறுகிறது. ஈர மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். சிராய்ப்பு வழியாகவோ கண், மூக்கு, வாய் வழியாகவோ உடலுக்குள் போகும். நோய் தெரிய 2 முதல் 30 நாள் ஆகலாம், பெரும்பாலும் ஐந்திலிருந்து பதினான்கு நாளுக்குள். ரேஸ் முடிந்து பதக்கம் சுவரில் தொங்க ஆரம்பித்த பிறகுதான் வரும்.

உலகத்தில் இதற்குப் பெரிய பாடமாக இருப்பது மலேசியாவின் சபா மாநிலத்தில் 2000ஆம் ஆண்டு ஆகஸ்ட், செப்டம்பரில் நடந்த ஈகோ சேலஞ்ச் போட்டி. காட்டு நடை, ஆற்று நீச்சல், துடுப்புப் படகு, குகை, மலை சைக்கிள் எல்லாம் சேர்ந்தது. 304 பேர் கலந்துகொண்டார்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி அவர்களில் 189 பேரை விசாரித்தபோது, 80 பேருக்கு நோய் அறிகுறிகள் இருந்தது தெரிந்தது. 29 பேர் மருத்துவமனையில் சேர்ந்திருந்தார்கள். நல்லவேளை, யாரும் சாகவில்லை. செகாமா ஆற்றில் நீந்தியவர்களுக்கு ஆபத்து கூடுதலாக இருந்தது. என்னை யோசிக்கவைத்தது வேறு விஷயம். பலருக்கு ஊர் திரும்பியபிறகே காய்ச்சல் வந்தது. ஐடஹோவில் ஒருவர், லாஸ் ஏஞ்சலஸில் ஒருவர் என்று தனித்தனி மருத்துவர்களிடம் போனார்கள். "எங்கே போயிருந்தீர்கள்?" என்ற கேள்விதான் அவர்களை ஒரே ஆற்றில் கொண்டுபோய்ச் சேர்த்தது.

சரி, நான் ஏதோ ஒழுங்கு என்று நினைத்துவிடாதீர்கள். நானும் இந்தச் சேற்றில் இறங்குகிறவன்தான். முதல் போட்டியில் வளைவு ஒன்றில் முன்சக்கரம் வாரிவிட்ட சேறு பாட்டில் வாயில் அப்பிக்கொண்டது. பல்லால் கடித்துத் திறந்து, ஒரு வாய் துப்பிவிட்டு மிச்சத்தைக் குடித்தேன். மூன்றாம் நாளிலிருந்து வயிற்றுப்போக்கு, ரத்தம் கலந்து. குடலைத் தாக்கும் கேம்பிலோபாக்டர் என்ற கிருமி. பல்லில் மண் நறநறத்தது இப்போதும் நினைவிருக்கிறது.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2007இல் ஒரு மலை சைக்கிள் போட்டிக்குப் பிறகு, ஆய்வில் சேர்ந்த 537 பேரில் 225 பேருக்கு வயிற்றுப்போக்கு. உணவும் தண்ணீரும் குற்றவாளியாக இருக்கும் என்றுதான் யாரும் நினைப்போம். கணக்குப் போட்டுப் பார்த்தபோது தனித்து நின்றது சேற்றை விழுங்கியதுதான். நெவாடாவில் 2012 அக்டோபரில் நடந்த தடை ஓட்டத்திலும் இதே கதை, 22 பேருக்குக் கேம்பிலோபாக்டர். கால்நடை மேய்ந்த மண் மழையில் குழைந்தால் அதில் என்ன கலந்திருக்கும் என்று விவசாயி வீட்டுப் பிள்ளைக்குச் சொல்லத் தேவையில்லை. எனவே மட்கார்டு. பார்ப்பதற்கு அழகில்லை என்று கழற்றிவைக்கிறார்கள். முன்சக்கரத்துக்கு ஒன்றாவது மாட்டுங்கள், பாட்டிலுக்கு மூடியுள்ள வாய் வாங்குங்கள். வாழைப்பழத்தைச் சேற்றுக் கையால் உரிக்கலாம், உரித்ததைத் தொடாதீர்கள்.

போட்டிக்கு முந்தைய நாள் கால் முடியை மழிக்கும் பழக்கம் சைக்கிள்காரர்களிடம் உண்டு. கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் அத்தனையும் கிருமிக்குத் திறந்த கதவு. மழித்தே ஆகவேண்டுமென்றால் நாலைந்து நாள் முன்னதாகச் செய்யுங்கள். கால் விரலிடுக்கில் சேற்றுப்புண் இருந்தால் அதை ஆற்றிவிட்டு இறங்குங்கள். டெட்டனஸ் ஊசி போட்டு பத்து வருடம் ஆகிவிட்டதா என்றும் பாருங்கள்.

எலிக்காய்ச்சல் வராமல் தடுக்க டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் எடுக்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். பனாமா காட்டில் பயிற்சி எடுத்த அமெரிக்க வீரர்களிடம் வாரம் 200 மில்லிகிராம் கொடுத்து நடத்திய ஆய்வு 1984இல் வெளிவந்தது. மருந்து எடுத்தவர்களில் ஒருவருக்கு நோய், எடுக்காதவர்களில் 20 பேருக்கு. 2018 வெள்ளத்தின்போது கேரளத்தில் இதைத்தான் ஆயிரக்கணக்கானோருக்குக் கொடுத்தார்கள். அதற்காக எல்லாப் போட்டிக்கும் விழுங்கவேண்டும் என்பதில்லை. எலிக்காய்ச்சல் பரவும் இடத்தில், கனமழைக்குப் பின், ஆறோ ஓடையோ கடக்கும் பாதை என்றால் மருத்துவரைக் கேட்டு எடுக்கலாம். கர்ப்பிணிகளுக்கு ஆகாது. வெயிலில் தோல் எளிதாகக் கருகும். ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரைமணி நேரமாவது படுக்காமல் இருக்கவேண்டும், இல்லையென்றால் உணவுக்குழாய் புண்ணாகும்.

முடிந்தவுடன் சோப்புப் போட்டுக் குளியுங்கள். சிராய்ப்பை ஓடும் தண்ணீரில், மண் துகள் போகும்வரை கழுவுங்கள், மஞ்சளோ டூத்பேஸ்டோ வேண்டாம். இடுப்பு, அக்குள், தொடையிடுக்கில் சிகரெட்டால் சுட்டதுபோல் கருப்புப் பொருக்கு தெரிந்தால் அது உண்ணிக்காய்ச்சலாக இருக்கலாம், அதையும் மருத்துவரிடம் காட்டவேண்டும். அடுத்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், கேட்காவிட்டாலும் முதல் வாக்கியமே "டாக்டர், நான் சேற்றில் விழுந்தேன், இந்தத் தேதியில்" என்று இருக்கட்டும். வலி மாத்திரை வாங்க மருந்துக்கடைக்குப் போகாதீர்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும்.

நம்மவர் எட்டு நாளில் வீடு திரும்பினார். அட்மிஷன் நாளிலேயே அவரிடம் ஒரு வேலை கொடுத்திருந்தேன். ரேஸ் வாட்ஸ்அப் குரூப்பில், போட்டோக்களுக்கு நடுவே, "யாருக்காவது காய்ச்சல் இருக்கா?" என்று ஒரு வரி போட்டார். ஒரு மணி நேரத்தில் இரண்டு பேர் பதில் போட்டார்கள். ஒருவர் பாலக்காட்டில் ஆன்டிபயாடிக் எடுத்துக்கொண்டிருந்தார். இன்னொருவர், "மூணு நாளா இருக்கு ப்ரோ, ரேஸ் வலிதான்" என்றார். அவரை அன்று இரவே வரச்சொன்னோம்.